கூலிக்கு மாரடித்தல்

ஒருவரின் வேலையை மட்டம்தட்ட வேண்டுமானால் ‘கூலிக்கு மாரடிக்கிறார்’ என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். மனம் ஒட்டாமல் காசுக்காக மட்டும் செய்யும் வேலை என்று பொருள். கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும் எழுத்தருக்கும் சொல்கிறோம், பாடம் நடத்தாமல் வருகைப் பதிவை மட்டும் முடித்துக்கொண்டு போகும் ஆசிரியருக்கும் சொல்கிறோம். இந்தத் தொடர் யாரைப் பார்த்துப் பிறந்தது என்பதை மறந்துவிட்டோம். சாவு வீட்டில் கூலி பெற்றுக்கொண்டு, மார்பில் அடித்து அழுது பாடும் பெண்ணைப் பார்த்துப் பிறந்தது. அவளுடைய தொழில்தான் போலித்தனத்துக்கு உவமையாகியிருக்கிறது. கூலிக்குப் போர் செய்த வீரனை வைத்து நம்மிடம் இப்படி ஒரு வசை இல்லை.

அவள் உண்மையில் என்ன செய்கிறாள்? ஏரியூர், நாகமரை, பென்னாகரம் பக்கம் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். இறந்தவர் முறையில் அவளுக்கு ஒன்றும் ஆகாதவராக இருக்கலாம். வந்ததும் திண்ணையோரம் உட்கார்ந்து விசாரிப்பாள். பேர் என்ன, எத்தனை பிள்ளை, எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள், மாமியார் எப்படி, கடைசியாக என்ன ஆசைப்பட்டார், மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தானா. பத்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கையைச் சேகரித்துவிடுவாள். பிறகு அதில் எதைச் சொன்னால் கூட்டம் அழும், எதைச் சொன்னால் மகன் தலைகுனிவான், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பாள். கடைசியில், கூட்டத்துக்குப் பழகிய ஒரு மெட்டை எடுத்து, புதுப் பெயரையும் புது ஊரையும் அதற்குள் உட்காரவைப்பாள். செய்தி திரட்டுவது, கேட்பவரை அசைக்கும் சொல்லைத் தேர்வது, ஏற்கெனவே இருக்கும் இசையின் மேல் புதிய சொல்லை ஏற்றுவது என்று மூன்று வேலை. இன்றைய நகரத்து மொழியில் பண்பாட்டு நிருபர், விளம்பர எழுத்தாளர், டி.ஜே. என்று மூன்று பெயர்ப்பலகை வைக்கலாம். நம் ஊரில் இந்த மூன்றையும் ஒரே பெண், பெரும்பாலும் ஒரு தலித் பெண், ஒரு வெற்றிலைப் பொட்டலத்துக்கும் கொஞ்சம் பணத்துக்கும் செய்துவந்தாள்.

இந்தப் பின்னணியில் வைத்து ஒரு சமகாலத்துப் பெண்ணின் வேலையைப் படிக்க விரும்புகிறேன். சோஃபியா அஷ்ரஃப். சென்னைப் பெண், ராப் பாடகர், பாடல் எழுதுபவர். ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை பார்த்தவர். கல்லூரிக் காலத்திலேயே, போபால் நச்சுவாயு வழக்கின் பொறுப்பைத் தட்டிக்கழித்த டவ் நிறுவனத்தில் வேலைக்குச் சேராதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லும் ராப் பாடலால் கவனம் பெற்றார். 2012இல் ‘ஜப் தக் ஹை ஜான்’ இந்திப் படத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘ஜியா ரே’ பாட்டின் ராப் பகுதி அவருடைய குரல். ஆங்கிலமும் தமிழும் கலந்த, பெண்ணுடலைப் பற்றி வெட்கமில்லாமல் சிரிக்கிற காணொளிகளும் செய்திருக்கிறார். ஒரே இடத்தில் நிற்காத தொழில்வாழ்க்கை. ஆனால் அவர் பெயரை உலகம் கேட்டது 2015 ஜூலை இறுதியில், ‘கோடைக்கானல் வோன்ட்’ என்ற ஒரு பாட்டால். கோடைக்கானல் விடாது என்று பொருள் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பாட்டின் பின்னணி இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் கோடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு கைமாறி இந்துஸ்தான் லீவர். கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் நிரப்பும் வேலை. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் அங்கே வேலைக்குப் போனார்கள். 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. மண்ணில் கலந்ததும் பாம்பார் சோலைக் காட்டுக்குள் இறங்கியதும் திரும்பிப் போகவில்லை. சிறுநீரகம், நரம்பு, கருச்சிதைவு என்று தொழிலாளர்கள் தங்கள் நோய்களை அடுக்கினார்கள். ஆலையால் யாருக்கும் உடல்நலக் கேடு இல்லை என்று நிறுவனம் மறுத்துவந்தது. பதினான்கு ஆண்டுகள் இப்படியே போயின.

பாட்டு வந்தது. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நிறுவனத்தின் உலகத் தலைவரே பொதுவெளியில் பதில் சொல்ல நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது.

பாட்டுதான் வென்றது என்று எழுதும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினைந்து ஆண்டுகள் மனு எழுதி, பேருந்தேறிச் சென்னைக்கு வந்து, உயர் நீதிமன்ற வாசலில் நின்ற தொழிலாளர் சங்கம் இல்லையென்றால் பாட்டுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஒப்பாரிக்காரி பிணத்தை எழுப்புவதில்லை. அவள் செய்வது வேறு. தெருவில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவனை நிறுத்தி, இந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று கேட்கவைக்கிறாள். சோஃபியா அஷ்ரஃப் அதைச் செய்தார். அதை எப்படிச் செய்தார் என்பதுதான் விமர்சகருக்கு வேலை.

முதலில் மெட்டு. நிக்கி மினாஜ் 2014இல் பாடிய ‘அனகோண்டா’வின் தாளத்தின் மேல் இந்தப் பாட்டு ஏறியிருக்கிறது. அந்த ‘அனகோண்டா’வும் தன்கால் நிலமல்ல. 1992இல் சர் மிக்ஸ்-எ-லாட் பாடிய ‘பேபி காட் பேக்’ என்ற பாட்டின் துண்டுகளை எடுத்து மறுபடி அடுக்கியது. அந்த முதல் பாட்டில் ஓர் ஆண் பெண்ணின் பின்புறத்தை வர்ணிக்கிறான். கறுப்பினப் பெண்ணுடலை ஏளனம் செய்த வெள்ளை அழகுக்கு எதிரான பாட்டு என்று அதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஆனாலும் பார்ப்பவன் அவன், பார்க்கப்படுபவள் அவள். இருபது ஆண்டுகள் கழித்து நிக்கி மினாஜ் அதே ஒலியைப் பிடுங்கி, பார்க்கப்பட்டவள் வாயில் வைத்தார். என் உடலை நானே பேசுகிறேன், விலையையும் நானே சொல்கிறேன் என்றார். மூன்றாவதாக அந்த ஒலி கோடைக்கானலுக்கு வருகிறது. இப்போது உடல் என்பது பாதரசம் ஏறிய உடல். இடுப்பைப் பற்றிய பாட்டின் தாளத்தில் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்கிறோம். பழைய பாட்டின் நினைவு காதில் இருப்பதால்தான் புதிய சொல் குத்துகிறது. நம் பெண்கள் தாலாட்டு மெட்டிலேயே ஒப்பாரி வைக்கும்போது ஏற்படும் அதே நடுக்கம். தொட்டிலில் போட்ட மெட்டைப் பாடையின் பக்கத்தில் கேட்கிறோம்.

ஒலித்துண்டைப் பிடுங்கி ஒட்டும் இந்தக் கலை பிறந்த இடத்திலும் ஒரு பெண் இருக்கிறாள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்த விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இசைத்தட்டுகளை இயக்கியவர் டி.ஜே. கூல் ஹெர்க். அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பெல். பள்ளிக்கூடம் திறக்கும்போது புதுத்துணி எடுக்கக் காசு வேண்டும் என்பதற்காகச் செய்தார். கையால் எழுதிய சிறு அட்டைகளே அழைப்பிதழ். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். ஹிப்-ஹாப்பின் முதல் விளம்பர வாசகம் அந்த அட்டைகளில் இருந்தது. அண்ணனுக்குத் ‘தந்தை’ என்ற பட்டம் கிடைத்தது.

அடுத்தது சொல். விளம்பரம் எழுதிய கை இந்தப் பாட்டில் வரிக்கு வரி தெரிகிறது. விளம்பர எழுத்துக்குச் சில பழக்கங்கள் உண்டு. யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பெயர்சொல்லி விளிக்க வேண்டும். ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். அது வாயில் ஒட்ட வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும். கேட்டவர் கேட்டு முடித்த கையோடு செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். பாட்டு நிறுவனத்தைப் பெயர்சொல்லி அழைக்கிறது. செய்ததைச் சரிசெய்யும்வரை கோடைக்கானல் பின்வாங்காது என்ற ஒன்றையே சுழற்றுகிறது. முடிவில் பார்ப்பவரைக் கையெழுத்து இயக்கத்துக்கு அனுப்புகிறது. சோப்பு விற்கக் கற்ற உத்தி சோப்பு நிறுவனத்தின் மேலேயே திரும்பியிருக்கிறது. வணிகப் பெயரை மக்கள் மனத்தில் பதிக்கப் பல ஆண்டுகள் கோடிகளைக் கொட்டுகிறார்கள்; அந்தப் பெயரோடு பாதரசத்தையும் சேர்த்துப் பதித்துவிட்டால் அழிப்பது கடினம் என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியும். வெளியிலிருந்து முழக்கம் எழுதும் நம்மைப் போன்ற கவிஞர்களுக்கு இது அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. நாம் ஒரே துண்டறிக்கையில் ஏழு கோரிக்கைகளை எழுதிவிடுவோம்.

அதே நிறுவனம்தான் 1975 முதல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பசையை விற்றது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, சிவந்ததும் எல்லாம் நடக்கும் என்ற கதையை எத்தனை வடிவங்களில் எழுதினார்கள்! 2020இல் பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். ஏரியூர்ச் சந்தைக்கடையில் இன்னும் பழைய பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலமாகத் தொங்குகிறது. அந்த வாசகங்களும் யாரோ கூலிக்கு எழுதியவைதான். எனவே விளம்பர எழுத்து நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. கூலி வாங்கிய சொல் பொய்யாகத்தான் இருக்கும் என்ற முன்முடிவைத்தான் கேள்வி கேட்கிறேன்.

எங்கள் தகடூர் மண்ணில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவை பரிசில் வாங்கிப் பாடியவர். அதை அவர் மறைத்ததே இல்லை. புறநானூற்றின் 206ஆம் பாட்டில், பரிசில் தர மன்னன் காலம் தாழ்த்துகிறான். ஔவை வாயில்காவலனைக் கூப்பிட்டுப் பேசுகிறார். யாழையும் பையையும் கட்டித் தோளில் போட்டாயிற்று. கோடரி பிடித்த தச்சன் பிள்ளைகளுக்குக் காடு எப்படியோ எங்களுக்கு உலகம் அப்படி. எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் திசையில் சோறு உண்டு என்கிறார். பேராசிரியர்கள் இதைப் புலவரின் தன்மானம் என்று நடத்துகிறோம். நானும் பல ஆண்டு அப்படித்தான் நடத்தி மதிப்பெண் போட்டேன். இப்போது இதை நிலுவைத் தொகை வராத ஒரு சுயாதீன எழுத்தாளரின் கடிதமாகவும் வாசிக்கலாம் என்று மாணவிகளிடம் சொல்கிறேன். தன்மானம் கூலியை உதறுவதில் இல்லை, கூலியை நேரத்துக்குக் கேட்பதில் இருக்கிறது.

95ஆம் பாட்டு இன்னும் சுவையானது. தூதாகத் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே ஆயுதமெல்லாம் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுக்குள் பளபளக்கிறது, எங்கள் மன்னனுடையதோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறார். புகழ்வது போல இகழ்வது. ராப்காரர்கள் எதிராளியை மேடையில் வைத்து மட்டம்தட்டுவதை ‘டிஸ்’ என்பார்கள். விளம்பரக்காரர்கள் போட்டிச் சரக்கின் பெயர் சொல்லாமல் அதைக் கவிழ்ப்பதும் இப்படித்தான். ஔவைக்கு இரண்டும் தெரிந்திருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் அவருக்கு ஆத்திசூடி எழுதிய பாட்டியின் முகத்தை ஒட்டிவைத்திருக்கிறோம். இருவரும் வேறு வேறு காலத்தவர் என்பதைத் தேர்வில் எழுதிவிட்டு, மனத்தில் ஒரே கிழவியாகவே வைத்துக்கொள்கிறோம்.

89ஆம் பாட்டில் பகை மன்னன் ஒருவன் இவரை விளித்துக் கேள்வி கேட்கிறான்: உங்கள் நாட்டில் போரிடுவோரும் இருக்கிறார்களா? கேள்விக்கு முன்னால் அவன் விளிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். அணிகலன், அல்குல், மை தீட்டிய கண், ஒளிவிடும் நெற்றி என்று உடலை வரிசையாகச் சொல்லி, விறலி என்று அழைத்துவிட்டுத்தான் கேட்கிறான். பதில் சொல்லப்போகும் அறிவைவிட முதலில் உடல்தான் அவன் கண்ணில் படுகிறது. சோஃபியா அஷ்ரஃப் தொடக்கத்தில் தலைமுக்காடு அணிந்து மேடையேறியவர். பத்திரிகைகள் அவருக்கு ‘புர்கா ராப்பர்’ என்று பெயர் வைத்தன. அவர் டவ் நிறுவனத்தைப் பற்றிப் பேசினார், தலைப்பு துணியைப் பற்றிப் பேசியது. பண்பாட்டுப் பக்கம் எழுதும் நிருபர்களுக்கு நல்லெண்ணம் இருந்திருக்கலாம். அந்தப் பகை மன்னனும் மரியாதையாகத்தான் விளித்ததாக நினைத்திருப்பான்.

குரல் தொழிலுக்கு வந்த பெண்களுக்கு இது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் ஆனி நைட்டிங்கேல் என்பவர் செய்தித்தாள் நிருபராகத் தொடங்கி, இசைப் பத்தி எழுதி, 1970இல் பி.பி.சி. ரேடியோ 1இன் முதல் பெண் டி.ஜே. ஆனார். வானொலியைக் கேட்பவர்கள் இல்லத்தரசிகள், அறிவிப்பாளர் அவர்களுக்குக் கணவருக்குப் பதிலாக இருப்பவர், எனவே பெண் குரல் வேண்டாம் என்பதுதான் அதுவரை அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். 1982 வரை அங்கே அவர் ஒருவர் மட்டுமே பெண். 2024 ஜனவரியில் இறக்கும்வரை அந்த நிலையத்திலேயே இருந்தார்.

நமக்கு அந்தக் காதுகளைத் திறந்தது இலங்கை வானொலியின் வர்த்தக சேவை. டி.ஜே. என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே தமிழ்நாட்டுக் கிராமங்கள் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் இசைத்தட்டுகளைக் கேட்டன. பாட்டு, நடுவில் விளம்பரம், நேயர் பெயர், ஊர்ப்பெயர், மறுபடி பாட்டு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடுக்காமல் போவது பெரிய கலை. கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் நினைவுகூர்பவர்கள் அவர்களுடைய சொல்லாட்சி, வேகம், சமயோசிதம் என்று பேசுகிறார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தைப் பற்றிக் கேட்டால் ‘வானொலிக் குயில்’ என்கிறார்கள். குயிலுக்குக் குரல் உண்டு, மொழி இல்லை. இரண்டு பாட்டுக்கு நடுவே அவர் பேசிய வாக்கியங்களைச் சேகரித்து ஆராய வேண்டும் என்று எந்தத் தமிழ்த் துறைக்கும் தோன்றவில்லை.

கூலிக்கு வருகிறேன். ஆனந்த விகடனை 1928இல் எடுத்து நடத்திய எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர். பத்திரிகை, சினிமா, விளம்பரம் என்று அவர் மாறி மாறிச் செய்ததைத் தொழில்மேதைமை என்கிறோம். சரிதான். ஒரு பெண் நான்கு தொழில் செய்தால் ‘எதிலும் நிலைக்கவில்லை’ என்போம். வீட்டில் கேட்கும் கேள்வி இன்னும் கூர்மையானது: அப்படியானால் உனக்கு வேலை இல்லையா?

சுயாதீனம் என்ற சொல்லில் சுதந்திரம் ஒலிக்கிறது. சட்டத்தில் அது வேறு மாதிரி. பிரசவ கால உதவிச் சட்டம் 1961இல் வந்தது, 2017இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். வேலைக்கு அமர்த்தி ஊதியம் தரும் நிறுவனம் இருந்தால்தான் அந்த விடுப்பு. வார்த்தைக்கு இவ்வளவு என்று வீட்டிலிருந்து எழுதும் பெண்ணுக்குப் பிரசவம் என்பது வருமானமில்லாத மாதங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், வேலையில் இருக்கும்போது வேலைக்காக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி என்கிறது. அதனால் விளம்பர வாசகத்தில் பெயர் போடும் வழக்கமே இல்லை. உங்கள் நாவில் உருளும் சோப்பு வாசகத்தை எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. 2012 திருத்தம் திரைப்பாடல் எழுதுபவர்களுக்கு உரிமத்தொகையில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்தது. ஒப்பாரிக்காரிக்கு எந்தத் திருத்தமும் இல்லை. அவளைக் கைப்பேசியில் பதிந்து காணொளியாகப் போட்டுக் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவளுடைய பெயர் ‘கிராமத்துப் பாட்டி’ என்று வருகிறது.

ஆகவே ‘சுயாதீனக் கலைஞர்’ என்ற பட்டம் யாருக்குக் கிடைக்கிறது என்பதில் வர்க்கமும் சாதியும் ஆங்கிலமும் இருக்கின்றன. சோஃபியா அஷ்ரஃபுக்கு அது கிடைத்ததில் அவருடைய திறமையோடு நகரமும் கல்லூரியும் மும்பை அலுவலகமும் சேர்ந்திருக்கின்றன. ‘கோடைக்கானல் வோன்ட்’ ஆங்கிலப் பாட்டு. ஆலையில் வேலை செய்தவர்களின் மொழி தமிழ். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அரைமனம். பாட்டு யாரை நோக்கிப் பேசியதோ அவர்கள் லண்டனில் இருந்தார்கள், அவர்களுக்குப் புரியும் மொழியில் திட்டுவதுதான் முறை. தொண்டைமானிடம் போய் அவனுக்குப் புரியாத மொழியில் ஔவை பேசியிருந்தால் என்ன பயன்? ஆனாலும் தன் நோயைப் பற்றிய பாட்டைப் பேரனிடம் பொருள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒரு தொழிலாளியை நினைத்துப்பார்க்கும்போது ஏதோ உறுத்துகிறது. 2018இல், மண்ணைச் சுத்திகரிக்க இங்கிலாந்துக்கு ஓர் அளவுகோல், கோடைக்கானலுக்கு ஓர் அளவுகோலா என்று கேட்டு இரண்டாவது பாட்டு வந்தது. அதில் டி.எம். கிருஷ்ணாவும் அம்ருத் ராவும் சேர்ந்துகொண்டார்கள். இசையாக அது முதலாவதைவிடச் செறிவானது. முதலாவது அளவுக்குப் பரவவில்லை. ஊடகத்துக்கு ஒரு சாவுக்கு ஒரு தடவைதான் அழத் தெரியும்.

இந்த வடிவத்தின் உண்மையான எல்லை மொழியில் இல்லை என்று நினைக்கிறேன். அது விளியில் இருக்கிறது. விளம்பரத்துக்கு ஒரு பெயர் வேண்டும், வசைக்கும் ஒரு பெயர் வேண்டும். யுனிலீவர் என்ற பெயர் இருந்ததால் பாட்டு நிற்கிறது. எங்கள் தர்மபுரி மாவட்டத்தின் விஷத்துக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஃப்ளோரைடு. பாறைக்குள் இருப்பது, ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக நீரோடு மேலே வருவது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் குடிநீரில் கூடாது என்பது விதி. அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே இருக்கின்றன. பல் பழுப்பேறிக் கோடு விழும். முற்றினால் எலும்பு இறுகி முதுகு நிமிராது. காவிரி பக்கத்தில் ஓடுகிறது. அதன் நீரை இந்த மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,928 கோடித் திட்டம், 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது.

இதற்குள் சிக்கிய பெண்களின் கதை தனி. ஆணுக்குப் பல் கறை என்றால் வெற்றிலை என்று விட்டுவிடுவார்கள். பெண்ணுக்கு அது பெண்பார்க்கும் நாளில் வரும் கேள்வி. சிரிக்கும்போது கையால் வாயை மறைப்பதை நாணம் என்று எழுதிய கவிஞர்களை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. பாதரசத்துக்கு ராப் பாட்டு இருக்கிறது. ஃப்ளோரைடுக்கு அரசு சுவரில் எழுதிய வாசகங்கள் உண்டு, பாட்டு இல்லை. பாறையைத் திட்டிப் பாட முடியாது என்பது ஒரு காரணம். பாறையை யார் இவ்வளவு ஆழத்துக்குத் துளைக்கவைத்தார்கள், ஏரிகள் என்ன ஆயின, ஆற்று நீர் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் பல பெயர்கள் கிடைக்கும். ஒரு பல்லவிக்குள் அடங்காது.

ஒப்பாரி இந்த இடத்தில் ராப்பைவிட அகலமானது. அது செத்தவரையே விளிக்கும், எமனை விளிக்கும், வைத்தியரை, மாமனை, பெய்யாத மழையை, காலியான அடுக்குப்பானையை விளிக்கும். யார் குற்றவாளி என்று தீர்ப்பாகும்வரை காத்திராது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய 235ஆம் பாட்டு அப்படிப்பட்டது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுப்பான் என்று தொடங்கி, இனிப் பாடுபவரும் இல்லை, பாடுபவருக்குக் கொடுப்பவரும் இல்லை என்பதுவரை வருகிறது. அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் உண்கலத்தையும், இரப்பவர் கையையும், புலவர் நாவையும் துளைத்துக்கொண்டு போனது என்கிறார். யாருக்கெல்லாம் வரும்படி போயிற்று என்ற பட்டியல் அது. அழுகையும் கூலியும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. கூலிக்கு மாரடித்தவர் என்று ஔவையைச் சொன்னால் தமிழ்நாடு கொதிக்கும். 235ஐப் படித்துவிட்டுக் கொதிக்கட்டும்.

இந்தப் பருவத்தில் இதழியல் தாளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஊரில் ஒப்பாரி பாடும் பெண்ணிடம் போய், எப்படி விசாரிக்கிறார், எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்டு எழுதிவர வேண்டும். அவருடைய பெயரையும் அவர் வாங்கிய கூலியையும் அவர் சம்மதித்தால் குறிக்க வேண்டும். பிறகு அதே மெட்டில் வற்றிய ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒப்பாரி எழுத வேண்டும். இரண்டு பேர் வீட்டில் அனுமதிக்கவில்லை, உயிரோடு இருப்பவர்கள் வீட்டில் ஒப்பாரி எழுதக் கூடாதாம். வகுப்பில் வேலை தடுக்கிய இடம் முதல் வரி. யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? பஞ்சாயத்துத் தலைவர் என்றாள் ஒருத்தி. துளை போடும் லாரிக்காரர் என்றாள் இன்னொருத்தி; அவர் அப்பாவின் நண்பர் என்று உடனே ஒரு மறுப்பு வந்தது. ராயக்கோட்டைப் பக்கமிருந்து வரும் பெண் கடைசி பெஞ்சிலிருந்து, என் பல்லைக் கூப்பிடலாமா மேடம் என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்தபோது கரும்பலகையில் ஒன்பது பெயர்கள் இருந்தன, எதையும் அழிக்கவில்லை.